ஒரு நாளைக்கு மூன்று சொற்கள்

பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, வழக்கம் போல் வாழ்த்துரை ஒன்றை எழுதித் தந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் சென்ற ஆண்டு இறுதியில் என் அலுவலக அறையில் நிகழ்ந்த ஓர் உரையாடல் இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியைச் சொல்லத் தவறினேன். அதனை இம்மலரின் வாயிலாகச் சொல்ல விழைகிறேன்.

நம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தந்தையார் ஒருவர், நான்காம் ஆண்டில் பயின்று கொண்டிருந்த தம் மகளை வேறு பள்ளிக்கு மாற்றுவதற்காக என்னைக் காண வந்தார். வேலை முடிந்த கையோடு வந்திருந்தார் போலும். காலணியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். "சார், உங்க மேலேயும் மத்த வாத்தியாருங்க மேலேயும் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைக்கு இங்கிலீஷ் வரணும் சார். நான் பட்டது போதும்" என்றார்.

நான் தாய்மொழியின் சிறப்பைப் பற்றிப் பேசினேன். நம் முன்னோர் இப்பள்ளியைக் கட்டி எழுப்பிய வரலாற்றைப் பேசினேன். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்கு நேரக்கூடிய நிலையையும் பேசினேன். அவர் பொறுமையோடு கேட்டுக் கொண்டிருந்தார். இறுதியில் நான் படிவத்தில் கையெழுத்திட்டேன். அவர் வணங்கிவிட்டுப் புறப்பட்டார். அவர் சென்ற பின்னரே எனக்கு உறைத்தது. அவர் கேட்டது ஆங்கிலத்தைப் பற்றி. நான் பேசியதோ வேறெதைப் பற்றியோ!

அவருடைய கவலையில் நியாயம் உண்டு. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. நம் தோட்டப் பள்ளிகள் பல அவ்வாறு தோன்றியவையே. ஆனால் ஆங்கிலப் பள்ளிகள் பட்டணத்தில் இருந்தன. துரை பேசியது ஆங்கிலம். கணக்கெழுதும் கிராணி பேசியது ஆங்கிலம். மருந்துக் கொட்டகையில் டிரெஸ்ஸர் எழுதியது ஆங்கிலம். லயத்தில் இருந்தவனுக்கு அம்மொழி ஒரு வேலி. ஆகவே நம் பெற்றோர்கள் ஆங்கிலத்தை நினைக்கும்போது மொழியை நினைப்பதில்லை, அவ்வேலியையே நினைக்கிறார்கள். இதில் வியப்பொன்றும் இல்லை.

அவ்வேலியின் முள் என் வீட்டிலும் குத்தியது. 1979ஆம் ஆண்டு, எனக்கு அப்போது ஒன்பது வயது. கெடா மாநிலத்தின் கூலிம் வட்டாரத்தில், ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். தம்பிக்கு இருமலும் சளியும் கண்டு, தோட்ட மருந்துக் கொட்டகையிலிருந்து இரண்டு புட்டிகள் கொடுத்தனுப்பினார்கள். ஒன்று உட்கொள்ளும் மருந்து; மற்றொன்று நெஞ்சில் தேய்ப்பதற்குரிய கற்பூரத் தைலம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுப் புட்டிகள். அதிகாலையில் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில், மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், என் தாயார் மாற்றி ஊற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு கரண்டிதான். பிள்ளை அலறினான், வாந்தி எடுத்தான், சற்று நேரத்தில் கை கால் வெட்டி இழுத்தது. தந்தையார் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு சைக்கிளை ஒரு கையால் பிடித்து ஓட்டிச் சென்ற காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

தம்பி பிழைத்துக் கொண்டான். இன்று அவன் லாரி ஓட்டுநர், பேரப்பிள்ளையும் எடுத்துவிட்டான். ஆனால் அன்று டிரெஸ்ஸர் அந்தப் புட்டியை என் தாயாரின் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுலேதான் எழுதியிருக்கே, பார்த்துக் கொடுக்க வேண்டாமா?" என்று கடிந்து கொண்டதை நான் மறக்கவில்லை. தாயார் ஒன்றும் சொல்லாமல் தலை குனிந்து நின்றார். நான் அந்தச் சீட்டைப் பார்த்தேன். 'ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி' என்று நான்கே சொற்கள். நான் மூன்றாம் வகுப்பில் ஆங்கில எழுத்துகளைக் கற்றுக் கொண்டிருந்த சமயம். ஒவ்வோர் எழுத்தையும் என்னால் படிக்க முடிந்தது, பொருள்தான் தெரியவில்லை.

மறுநாள் அந்த நான்கு சொற்களையும் ஒரு காகிதத்தில் வரைந்து கொண்டு போய் ஆசிரியரிடம் காட்டினேன். எழுதினேன் என்று சொல்வதைவிட வரைந்தேன் என்பதே பொருந்தும். 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று அவர் அதன் அடியில் எழுதிக் கொடுத்தார். யாரும் பணிக்காமல், தேர்வுக்காகவும் அல்லாமல், நானாகத் தேடிக் கற்ற முதல் ஆங்கிலச் சொல் 'எக்ஸ்டர்னல்' என்பதே. பல ஆண்டுகள் கழித்து, இடைநிலைப்பள்ளி அறிவியல் நூலில் 'இன்டர்னல்' என்ற சொல்லைக் கண்டபோது, அகராதியைத் தொடாமலே அதன் பொருள் எனக்கு விளங்கிவிட்டது. பின்னர் 'எக்ஸ்டீரியர்', 'இன்டீரியர்' என ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்று வந்து சேர்ந்தது.

சொற்களஞ்சியம் என்பது இவ்வாறுதான் சேர்கிறது. எந்தப் பள்ளியும் அதனை மூட்டையாகக் கட்டி ஒரு பிள்ளையின் தலையில் வைத்துவிட முடியாது. தேசியப் பள்ளியில் போதனை மொழி மலாய். பெரும்பாலான பள்ளிகளில் ஆங்கிலம் அங்கும் ஒரு பாடமே. 2003ஆம் ஆண்டில் கணிதத்தையும் அறிவியலையும் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கினார்கள். 2012 முதல் அத்திட்டத்தைப் படிப்படியாக விலக்கிக் கொண்டார்கள். அக்காலத்தில் நானும் வகுப்பாசிரியன். 'ஆட்', 'மைனஸ்', 'பிளான்ட்', 'மேக்னட்' முதலிய பாடச் சொற்களைப் பிள்ளைகள் நன்றாகவே கற்றார்கள். ஆனால் ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இரண்டாம் பக்கத்தைத் தாண்ட மாட்டார்கள். பாடத்துக்குரிய சொற்கள் பாடத்தோடு நின்றுவிட்டன. பள்ளி மாறினால் சொல் வளரும் என்று நம்பும் பெற்றோர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

சரி, ஒரு பிள்ளைக்கு எத்தனை சொற்கள் தேவை? அகராதியைப் பார்த்தால் அச்சமே மேலிடும். இந்த அச்சத்தைப் போக்கியவர்களுள் ஒருவர் மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர். அவர் வங்காளத்தில், டாக்கா நகரில் கல்விப் பணி ஆற்றியவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலப் பாட நூல்களைப் படிக்க மாட்டாமல் திணறுவதைக் கண்டு, அரிய சொற்களை ஒதுக்கிவிட்டு, அடிக்கடி வரும் சொற்களை முதலில் கற்பித்தால் என்ன என்று கேட்டார். கற்போருக்காக அவர் உருவாக்கி 1935இல் வெளிவந்த அகராதியில், ஏறத்தாழ 1,500 எளிய சொற்களைக் கொண்டே மற்றெல்லாச் சொற்களுக்கும் பொருள் கூறப்பட்டது. பின்னர் 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் இருந்தன. அந்த 2,000 சொற்களையும் அவற்றின் கிளைகளையும் அறிந்தவனுக்கு, பொதுவாக அச்சில் காணும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுச் சொற்கள் தெரிந்தவையாகவே இருக்கும்.

80 விழுக்காடு போதுமா என்றால் போதாது; உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஐந்து சொற்களுக்கு ஒரு சொல் தெரியாமல் போனால், படிப்பது கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் நடப்பதற்கு ஒப்பாகும். ஆனால் அந்த 2,000 சொற்களைப் பெற்ற பிள்ளையால், எளிய நூல்களை எடுத்துப் படித்து மற்றச் சொற்களைத் தானே தேடிக்கொள்ள முடியும். அதன் பின் ஆசிரியர் தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் பிழைப்பு இருக்கிறதல்லவா!

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு நாளைக்கு மூன்று சொற்கள். ஞாயிற்றுக்கிழமை புதுச்சொல் இல்லை. பழைய சொற்களைத் திருப்பிப் பார்ப்பதோடு சரி. அவ்வாறாயின் வாரத்துக்கு 18 சொற்கள், ஆண்டுக்கு 936. நான்காம் ஆண்டில் தொடங்கி ஆறாம் ஆண்டு முடிய மூன்றாண்டுகளில் 2,808 சொற்கள். இவற்றுள் மூன்றில் ஒரு பங்கை மறந்துவிட்டாலும், அதாவது ஓராண்டு உழைப்பு முழுவதும் வீணாயிற்று என்று வைத்துக் கொண்டாலும், 1,872 சொற்கள் எஞ்சி நிற்கும். வெஸ்ட் அவர்களின் பட்டியலுக்குச் சற்றே குறைவு. இதற்குக் கட்டணம் இல்லை. மறதிக்கும் இடம் விட்டாயிற்று.

சிலர் ஒரே நாளில் ஐம்பது சொற்களை எழுதி மனனம் செய்யும்படி பிள்ளைகளைப் பணிக்கின்றனர். இதனை நான் ஏற்பதில்லை. எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறோம் என்பதைத் தம்மையே சோதித்து ஆராய்ந்து 1885இல் நூல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் சில நாள்களிலும்தான் மிக விரைவாக நிகழ்கிறது. பின்னர் மெதுவாகிறது என்பதே அவர் கண்ட முடிவு. ஆகவே கற்ற சொல்லை மறுநாளே ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை எனத் தொட்டு வர வேண்டும். ஒரே இரவில் ஐம்பது முறை எழுதுவதால் கை வலிக்கும், அவ்வளவே.

இதற்கு எளிய வழியொன்று உண்டு. லைட்னர் என்பவர் 1972இல் வெளியிட்ட ஜெர்மானிய நூலில் பெட்டி முறை ஒன்றை விளக்கினார். நம் தோட்டத்தில் அதற்குப் பெட்டி வேண்டா. மூன்று காலி மைலோ டின்கள் போதும். பழைய நாள்காட்டித் தாள்களையோ பிஸ்கட் பெட்டி அட்டைகளையோ உள்ளங்கை அளவுக்கு வெட்டிக் கொள்ளுங்கள். அட்டையின் ஒருபுறம் ஆங்கிலச் சொல். மறுபுறம் தமிழில் பொருள், மலாயில் பொருள், பிறகு அச்சொல்லைக் கொண்டு நீங்களே அமைத்த ஒரு வாக்கியம். வாக்கியத்தை நூலிலிருந்து பார்த்து எழுதக் கூடாது. உங்கள் வீட்டு ஆட்டைப் பற்றியோ, உங்கள் அண்ணனின் மோட்டார் சைக்கிளைப் பற்றியோ இருக்கட்டும்.

புது அட்டைகள் முதல் டின்னில் கிடக்கும். அந்த டின்னை நாள்தோறும் பார்க்க வேண்டும். சொல்லைப் பார்த்தவுடன் பொருள் சரியாக வந்தால் அட்டை இரண்டாம் டின்னுக்குப் போகும். இரண்டாம் டின்னை மூன்று நாளைக்கு ஒருமுறையும், மூன்றாம் டின்னை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் எடுத்துப் பாருங்கள். எந்த டின்னிலிருந்தாலும், தவறிப் போன அட்டை மீண்டும் முதல் டின்னுக்கே திரும்பும். தெரிந்த சொல்லில் நேரம் வீணாவதில்லை. தெரியாத சொல் தப்பிக்கவும் முடியாது. மூன்றாம் டின்னிலும் இருமுறை சரியாக வந்த அட்டையை நூலில் கோத்துச் சுவரில் தொங்க விடுங்கள். அக்கோவை நீளும்போது பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை நான் கண்டிருக்கிறேன்.

சொற்களுக்கு எங்கே போவது? பாட நூலில் உள்ளவை ஒருபுறம் இருக்கட்டும். மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். உர மூட்டையின் மீது சொற்கள் உள்ளன. பற்பசைக் கூட்டில், பால்மாவு டின்னில், மழைக்கோட்டின் கழுத்துப் பட்டியில், மின்விசிறியின் அடியில் சொற்கள் உள்ளன. தந்தையாரின் சம்பளச் சீட்டில் ஆங்கிலம் இருந்தால், அனுமதி பெற்று அதனையும் பாருங்கள். 'கிராஸ்' என்றால் மொத்தச் சம்பளம். 'நெட்' என்றால் பிடித்தம் போகக் கைக்கு வருவது. 'டிடக்ஷன்' என்றால் பிடித்தம். 'ஓவர்டைம்' எல்லாருக்கும் தெரிந்ததே. இந்த நான்கு சொற்களையும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அட்டையில் எழுதி என்னிடம் காட்டினான். 'டிடக்ஷன்' என்ற சொல்லுக்கு அவன் அமைத்த வாக்கியம், தம் வீட்டில் அவன் தங்கை அவனுடைய கோழித்துண்டிலிருந்து பிடித்தம் செய்வதாக இருந்தது. அதைவிடச் சிறந்த வாக்கியத்தை என்னால் அமைக்க முடியாது.

நீங்கள் அறியாமலே பேசிவரும் ஆங்கிலமும் உண்டு. வரிசை வீடுகளை லயம் என்கிறோமே, அது 'லைன்ஸ்' என்ற சொல்லின் திரிபு. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, 'பரேட்' என்பதன் திரிபு. வண்டியைப் பின்னே எடுப்பதற்கு 'கோஸ்தான்' என்கிறோம். அது மலாய்ச் சொல் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். கப்பலைப் பின்னோக்கிச் செலுத்துவதற்குரிய 'கோ அஸ்டர்ன்' என்ற ஆங்கிலத் தொடர்தான் நம் நாட்டில் லாரி ஏறிக் கோஸ்தான் ஆயிற்றாம். மறுபுறத்தில், ஆங்கிலேயர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொற்களும் உள. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியன உருமாறி ஆங்கில அகராதியில் ஏறிவிட்டன. மலாய் மொழியிலிருந்து சாரோங், ரோத்தான், ஓராங் ஊத்தான், ஆமோக் ஆகியவை சென்றன. கடன் கொடுத்தவன், கடன் வாங்கியவன் வீட்டுக்குப் போகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்கு மலாய் மொழியும் ஒரு பெரிய துணை. 'குவாலிதி', 'இடெந்திதி', 'யுனிவர்சிதி' என்று மலாயில் முடியும் சொற்கள் ஆங்கிலத்தில் 'குவாலிட்டி', 'ஐடென்டிட்டி', 'யுனிவர்சிட்டி' என்று வரும். 'ஒர்கனிசாசி', 'கொமுனிகாசி' என்று 'சி'யில் முடிபவை 'ஆர்கனைசேஷன்', 'கம்யூனிகேஷன்' என வரும். இந்த இரண்டு வாய்பாடுகளைக் கொண்டே ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒரு பிற்பகலில் பல சொற்களைப் பிடித்துவிடலாம். எழுத்துக்கூட்டல் மட்டும் வேறுபடும். 'குவாலிதி'க்கு மலாயில் கே, ஆங்கிலத்தில் கியூ. ஏமாற்றும் சொற்களும் சில உண்டு. ஏ, ஐ, ஆர் என்ற மூன்றெழுத்து மலாயில் தண்ணீர். அதே மூன்றெழுத்து ஆங்கிலத்தில் காற்று. ஜே, ஏ, எம் என்பது அங்கே மணி; இங்கே ரொட்டியில் தடவுவது.

சொல்லின் உறுப்புகளைப் பிரித்தறியும் திறமும் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. நடி, நடிகர், நடிப்பு என்பதைத் தமிழில் அறிவார்கள். மலாயில் ஆஜார், பெலாஜார், பெங்காஜார் என்பதை அறிவார்கள். 'டீச்', 'டீச்சர்', 'டீச்சிங்' என்பதில் அவர்களுக்குப் புதுமை ஏதும் இல்லை. அதனைச் சுட்டிக்காட்ட ஓர் ஆள்தான் வேண்டும். ஆகவே ஓர் அட்டையில் ஒரு சொல்லை எழுதும்போது அதன் உறவினர்களையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டா. அவை உபரி வருமானம்.

நிற்க. தானே கற்பதில் ஒரு பெருங்குறையும் உண்டு. அதனை மறைப்பது முறையன்று. அச்சில் கற்ற சொல்லுக்கு ஒலி தெரியாது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த புதிதில், வகுப்பில் ஓர் ஆங்கிலப் பத்தியை உரக்கப் படிக்கும்படி பணித்தார்கள். தீவு என்று பொருள்படும் 'ஐலண்ட்' என்ற சொல்லை, எழுத்துகளைப் பார்த்து 'இஸ்லாண்ட்' என்று கம்பீரமாகப் படித்தேன். வகுப்பே சிரித்தது, விரிவுரையாளரும் சிரித்தார். அச்சொல்லின் பொருளும் எழுத்துக்கூட்டலும் அங்கிருந்த பலரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அதன் பின் பல மாதங்கள் நான் அவ்வகுப்பில் வாய் திறக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு அந்த 'எஸ்' எழுத்து கிடையவே கிடையாது என்பதையும், வேறொரு சொல்லைப் பார்த்துப் பிற்காலத்தார் தவறாகச் சேர்த்துக் கொண்டார்கள் என்பதையும் வெகுநாள் கழித்துப் படித்தேன். பிழை என்னுடையது மட்டுமன்று என்று அறிந்து ஆறுதல் அடைந்தேன்.

எனக்கு அன்று கிடைக்காத வசதி இன்று உங்கள் வீட்டில் இருக்கிறது. கைப்பேசியில் உள்ள அகராதிகள் சொல்லை ஒலித்துக் காட்டுகின்றன. அட்டை எழுதும்போதே ஒருமுறை கேட்டு, மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஆனால் அதே கைப்பேசியால் ஒரு தீங்கும் உண்டு. ஒரு பத்தியைப் படம் பிடித்தால் நொடியில் அது தமிழாகவோ மலாயாகவோ மாறி நிற்கிறது. அவசரத்துக்கு அது நல்லதே. என் தாயாரின் கையில் அன்று அப்படியொரு கருவி இருந்திருந்தால் அந்தக் காலைப்பொழுதே வேறாக இருந்திருக்கும். ஆயினும் வீட்டுப்பாடத்துக்கு அதனைப் பயன்படுத்தும் பிள்ளையின் மனத்தில் ஒரு சொல்லும் தங்குவதில்லை. பிறர் மென்று கொடுத்ததை விழுங்கினால் பல்லுக்கு வேலையில்லை.

அகராதி வாங்க விரும்பும் பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிதாக இருப்பதே நல்லது என்று தலையணை போன்ற நூலை வாங்கி அலமாரியில் நிறுத்திவிடுகிறோம். பிள்ளைகளுக்கு ஏற்றது கற்போர் அகராதி என்னும் வகை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பவர் உருவாக்கி, 1942இல் தோக்கியோவில் முதலில் அச்சாகிய அகராதியே பின்னர் ஆக்ஸ்ஃபர்டு கற்போர் அகராதியாக வளர்ந்தது. 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதியோ, சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாப் பொருள் விளக்கத்தையும் அடக்கியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை இவை. பழைய பதிப்பாயினும் குற்றமில்லை. ஆயினும் நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு அதுவும் சற்றுக் கனமே. தொடக்கத்தில் ஆசிரியரையோ அண்ணன் அக்காளையோ கேட்டு எழுதட்டும்.

இப்போது, அன்று அத்தந்தையாரிடம் நான் சொல்லத் தவறியதைச் சொல்கிறேன். ஐயா, உங்கள் மகள் எந்தப் பள்ளியில் படித்தாலும் இந்த அட்டைகளை அவள்தான் எழுத வேண்டும். ஆனால் எழுதிய அட்டையைச் சோதிக்க ஒருவர் வேண்டும். நாள்தோறும் மாலையில் பத்து நிமிடம், அவள் முன்னால் அமர்ந்து, சொல்லுக்குப் பொருள் கேட்க வேண்டும். ஆசிரியரால் அது இயலாது. ஒவ்வொரு பிள்ளையோடும் நாள்தோறும் பத்து நிமிடம் என்றால் பள்ளி நேரம் போதாது. அது வீட்டில்தான் நடக்க வேண்டும். 'எனக்கு இங்கிலீஷ் தெரியாதே' என்பீர்கள். தெரிய வேண்டியதில்லை. அட்டையின் ஆங்கிலப் பக்கத்தைப் பிள்ளை பார்க்கட்டும். தமிழ்ப் பக்கத்தை நீங்கள் பாருங்கள். பிள்ளை சொன்ன பொருளும் நீங்கள் படித்த பொருளும் ஒன்றாக இருந்தால் அட்டை அடுத்த டின்னுக்குப் போகட்டும்.

நீங்களும் உங்கள் துணைவியாரும் இதே பள்ளியில் தமிழ் படித்தவர்கள். அந்தத் தமிழ் எழுத்து உங்கள் மகளுக்கும் தெரிந்திருக்கும் வரையில்தான் அந்த அட்டைக்குத் தமிழ்ப் பக்கம் என்று ஒன்று இருக்கும். அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாமற் போனால், நீங்கள் ஆங்கிலம் அறியாதவராக அவள் எதிரே வெறுமனே உட்கார்ந்திருப்பீர்கள். அவளுக்கு ஆங்கிலம் கற்பிப்பதில் உங்களுக்கு ஒரு பங்கும் இராது. தாய்மொழிப் பற்று, வரலாறு என்றெல்லாம் அன்று பேசினேனே, அவற்றைவிட இந்த ஓர் அட்டையைக் காட்டியிருந்தால் போதுமாக இருந்திருக்கும். நீங்கள் முடிவை மாற்றிக் கொண்டிருப்பீர்களா என்பது வேறு. பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேட்ட கேள்விக்கு விடை பெறும் உரிமையும் உங்களுக்கு இருந்தது.

தமிழும் படிக்க இயலாத பெற்றோர்கள் நம்மிடையே சிலர் இருக்கலாம். அவர்கள் அட்டைகளை எண்ணிப் பார்த்தால் போதும். இன்று முதல் டின்னில் எத்தனை, மூன்றாம் டின்னில் எத்தனை என்று கேட்கும் தாயின் குரலுக்கு இருக்கும் ஆற்றல், என் பிரம்புக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பிரம்பை நான் கைவிட்டுப் பல ஆண்டுகளாகின்றன. ஆகவே இதனை அச்சமின்றி எழுதலாம்.

அலுவலக அறையின் இடப்பக்க அலமாரியில் கற்போர் அகராதிகள் 11 உள்ளன. முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்தவை. இரண்டுக்கு அட்டை கிழிந்துள்ளது. ஒரு குடும்பத்துக்கு ஒன்று வீதம் இரண்டு வாரத்துக்கு இரவல் பெறலாம். திறவுகோல் அலுவலக உதவியாளரிடம் இருக்கிறது. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சேரும் காலி டின்களையும் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று வேண்டுவோர் மூன்று எடுத்துச் செல்லலாம்.

அத்தந்தையாருக்கு இளைய மகன் ஒருவன் உண்டு. பாலர் பள்ளி வயதினன். அவன் எங்கே சேர்வான் என்பது எனக்குத் தெரியாது. அவனுடைய அக்காளுக்கென மூன்று டின்களும், வெட்டிய அட்டைகள் ஒரு கட்டும் என் மேசைக்கு அடியில் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். மேலே இருக்கும் முதல் மூன்று அட்டைகளை நானே எழுதியிருக்கிறேன். அவள் இப்போது எந்தப் பள்ளியில் பயின்றாலும், மலர் வெளியீட்டு நாளன்று வந்து பெற்றுக் கொள்ளலாம்.